மோட்டாருக்குச் சொன்ன பாடம்

அங்கமுத்துவுக்குத் தன் மகளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மோட்டாரைத் துடைக்கத் தொடங்குவார்.

மோட்டார் என்பது அவருடைய பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள். சிவப்புச் சாயம் வெளுத்துப்போய், முன்னால் கம்பிக்கூடையோடு, மெர்லிமாவ் ஊர்த் தாமான் குடியிருப்பில், வீட்டு முன்தாழ்வாரமான அஞ்சடியில் சுவரோரம் நிற்கும். மகள் பவானேஸ்வரி கோலாலம்பூரிலிருந்து வந்து பையை இறக்கி வைத்ததும், அவர் கிழிந்த கைலித் துண்டை எடுத்துக்கொண்டு மோட்டாருக்கு முன்னால் குந்துவார். முன்விளக்கைத் தேய்த்துக்கொண்டே அதைப் பார்த்துச் சொல்வார்.

"பஸ்ஸுல வந்த பிள்ளைக்குப் பசி இருக்காதா. இந்த வீட்டுல யாராச்சும் கேட்டாங்களா."

பவானி கை எட்டும் தூரத்தில் நின்றிருப்பாள். ஆனால் பதில் சொல்ல மாட்டாள். சமையலறைச் சன்னலில் இருந்து அவள் அம்மா முனியாயி, "சுசீலா, பவானி சாப்பிட்டாளான்னு அப்பா கேக்கறாரு" என்று மருமகளிடம் சொல்வாள். மருமகள் சுசீலா வாசலுக்கு வந்து, "பவானி, சாப்பிடறியா?" என்று கேட்பாள். "வழியிலயே சாப்பிட்டேன் அண்ணி." அந்தப் பதில் அதே வழியில் திரும்பிப் போய், கடைசியில் முனியாயி வாயால், "அவ சாப்பிட்டாளாம்" என்று அஞ்சடிக்கு வந்து சேரும். அங்கமுத்து மோட்டாரைப் பார்த்துத் தலையாட்டுவார்.

அந்த வீட்டில் யாருக்கும் காது மந்தமில்லை. பவானி பெரிய மனுஷியான நாளிலிருந்து இப்படித்தான். வயதுக்கு வந்த பெண்ணிடம் அப்பன் நின்று பேசுவது மரியாதை இல்லை என்பது அங்கமுத்துவின் எண்ணம். மருமகளிடமோ அவர் பேசத் தொடங்கியதே இல்லை.

சுசீலா தொண்ணூறில் ரெம்பியாவிலிருந்து சேகரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கல்யாண விருந்தில் சாம்பாரில் உப்பில்லை என்றாலும் கேட்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். பேச்சில் மிச்சமானதையெல்லாம் கண்ணில் செலவழிப்பவள். வந்த முதல் மாதத்திலேயே இந்த வீட்டில் சேதி எந்த வழியாகப் போகிறது, எந்த இடத்தில் தேய்கிறது, எந்த இடத்தில் ஊதிப் பெரிதாகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டாள். மாமியாரிடம் வரும்போது சேதி சுருங்கும். தன் கணவன் சேகரனிடம் போனால் தொலைந்தே போகும். செம்பனைப் பழ லோரி ஓட்டுகிற அவனுக்குச் சாலையில் இருக்கும் கவனத்தில் பாதி வீட்டில் இருந்ததில்லை.

பவானியைப் பற்றி அந்தத் தாமானில் எல்லாருக்கும் தெரிந்தது ஒன்றுதான்: அங்கமுத்து மண்டோரின் மகள் டாக்டருக்குப் படிக்கிறாள். அது பாதிதான் சரி. அவள், அப்பா மண்டோராக வெட்டுக்காரர்களை மேற்பார்த்த ரப்பர்த் தோட்டத்தில், லயத்து வரிசைவீட்டில் பிறந்தவள். சின்ன வயதில் முனியாயி தீபாவளிக்குக் கோழி கழுவும்போது, இரைப்பையைப் பிளந்து உள்ளே கல் ஏன் கிடக்கிறது, கல்லைத் தின்ற கோழி ஏன் சாகவில்லை என்று கேட்டுக் கறியைத் தாமதப்படுத்தி அகப்பையால் அடி வாங்கியவள். அந்தக் கேள்வியை அவள் விடவேயில்லை. கோழியிலிருந்து மனுஷனுக்கு மாறினாள், அவ்வளவுதான். இப்போது பல்கலைக்கழகத்தில் குடல் புற்றுநோயைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

அவள் வந்தால் வீட்டு வாசலில் முட்டிவலிக்காரர்களும் பல்வலிக்காரர்களும் வந்து நிற்பார்கள்.

"நான் அந்த டாக்டர் இல்ல மாமா. நான் செல்லுக்குத்தான் பாக்கறேன்."

"எல்லாம் ஒண்ணுதான்லா. இந்த முட்டிய ஒரு அழுத்து அழுத்திப் பாரு."

அவளும் அழுத்திப் பார்த்து, கிளினிக்குக்குப் போகச் சொல்வாள். போகிற வழியில், "பொண்ணுக்குக் கை ராசி" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் அவள் இருக்க மாட்டாள். போத்தலில் வளர்க்கும் செல்லுக்குத் தீனி வைக்க வேண்டும் என்று பஸ் ஏறிவிடுவாள். எதிர்வீட்டுப் பெரியநாயகிக்கு இது பெரிய சந்தேகம்.

"என்னாத்த வளக்கறே பவானி? மீனா?"

"புத்துநோய் செல்லு அக்கா. அடியில ஒட்டிக்கிட்டு வளரும். மேல சிவப்பா ஒரு தண்ணி ஊத்துவோம், சிரப் மாதிரி இருக்கும். அதுதான் சாப்பாடு. தண்ணி மஞ்சளாப் போச்சுன்னா பசிக்குதுன்னு அர்த்தம்."

"அது பெருசானா விக்கலாமா?"

"யாரும் வாங்க மாட்டாங்க அக்கா."

"அப்புறம் ஏன் அதுக்குப் போய் பஸ்ஸுக்குக் காசு செலவு பண்றே" என்று பெரியநாயகி உண்மையான வருத்தத்தோடு கேட்டாள்.

தொண்ணூற்றைந்து தீபாவளிக்குப் பவானி வந்திருந்தபோது, அங்கமுத்து மோட்டாரின் சங்கிலியைத் துடைத்தபடி, "வயிறு முன்ன மாதிரி இல்ல" என்று சொன்னார். முனியாயி அதைச் சன்னலிலேயே பிடித்துக்கொண்டாள். முனியாயிக்கு உலகத்தில் இரண்டே நோய்கள்: சூடு, குளிர்ச்சி. தலைவலி சூடு. கண் எரிச்சல் சூடு. பேரப்பிள்ளை பிறக்காமல் இருப்பது, அவள் கணக்கில், சுசீலாவின் சூடு. அவள் ஊறவைத்த வெந்தயத்தையும் பார்லித் தண்ணீரையும் அஞ்சடிக்கு அனுப்பிவிட்டு மகளிடம், "அப்பாவுக்குச் சூடு" என்றாள்.

"எப்படிச் சூடும்மா? என்ன பண்ணுதாம்?"

"சூடுன்னா சூடுதான். அத வேற விவரிக்கணுமா."

பவானி அப்பாவைப் பார்த்தாள். அங்கமுத்து முன்சக்கரத்தைப் பார்த்தார். சேதி அங்கேயே நின்றுவிட்டது.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சுசீலா சில விஷயங்களைக் கவனித்தாள். அந்த வீட்டில் ஒரு தம்ளரைக்கூடக் கழுவி அறியாத மாமனார், விடிகாலையில் பின்கட்டுக் குழாயடியில் தன் கைலியைத் தானே துவைத்துக்கொண்டிருந்தார். அவள் அங்கே வந்ததும் வாளியை மறைத்துக்கொண்டு நின்றார். வெள்ளையும் இளநீலமுமாகக் கட்டிக்கொண்டிருந்தவர் கறுப்புக் கட்டம் போட்ட கைலிக்கு மாறினார். கொடியில் காய்ந்த ஒரு பழைய கைலியில் துவைத்தும் போகாத பழுப்புக் கறை இருந்தது. சட்டையை உள்ளே விட்டுக் கட்டும் பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று தெரிந்தது. சுசீலா அதையெல்லாம் பார்த்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை முனியாயி கோயிலுக்குப் போயிருந்தாள். சுசீலா சமையலறையில் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். அஞ்சடியில் அங்கமுத்து மோட்டாருக்குக் கீழே ஒரு தகரத்தை வைத்து, சொட்டிக்கொண்டிருந்த எண்ணெயைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு ஒழுகினா நான் கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போறேன்" என்று அவர் மோட்டாரிடம் சொன்னார். குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே இருந்தது. "எனக்கும்தான் பின்னால ரத்தமா ஒழுகுது. தீபாவளிக்கு முன்னேயிருந்து. என்னய யாரு தள்ளிக்கிட்டுப் போறது."

சுசீலாவின் கையில் மீன் அப்படியே நின்றது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சேகரனிடம் சொன்னாள். அவன் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கேட்டான்.

"அப்பாகிட்ட நான் எப்படிலா இதப் போய்க் கேக்கறது. அம்மாகிட்ட சொல்லு."

முனியாயியிடம் சொன்னாள். முனியாயி சட்டென்று வாயில் விரலை வைத்தாள். அவள் கண்ணில் பயம் வந்து போனதையும் சுசீலா பார்த்தாள். அதற்கு மேல் முனியாயி வெட்கத்தைப் போர்த்திக்கொண்டாள்.

"மூலமா இருக்கும். சூடு அதிகமானா அப்படித்தான். நீ இதக் கொண்டு போய் பவானிகிட்ட சொல்லிடாதே. கல்யாணமாகாத பொண்ணு. அப்பன் பின்பக்கத்தப் பத்தி அவகிட்டப் பேசறதா? நாலு பேரு கேட்டா என்ன ஆவும்?"

"அவ அதத்தானே அத்தை படிக்கறா."

"அவ படிக்கறது ஊரான் குடல."

சுசீலா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டில் இதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆளிடம் இது போய்ச் சேராது என்பது அவளுக்கு அன்றே உறுதியாகிவிட்டது. அவள் கொண்டு போனால் ஒழிய.

வீட்டில் டெலிபோன் இருந்தது. சேகரன் நாலு இடத்துக்குப் பேசிப் பில்லை ஏற்றுகிறான் என்று முனியாயி அதற்கு ஒரு குட்டிப் பூட்டுப் போட்டிருந்தாள். சாவி அவள் தாலிக்கொடி ஊக்கில் தொங்கியது. அதனால் திங்கட்கிழமை காலை சுசீலா தேங்காய்ப்பூ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, மெர்லிமாவ் பஸ் நிலையத்தில் இருந்த காசு போடும் டெலிபோனுக்கு முன்னால் போய் நின்றாள். பவானியின் ஆய்வுக்கூட எண் சாமி படத்துக் காலண்டரில் எழுதியிருந்தது. பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆகியிருந்தது. இதுவரை அவளாக யாரையும் டெலிபோனில் கூப்பிட்டதில்லை.

மறுமுனையில் யாரோ மலாயில் பேசிவிட்டுப் பவானியைக் கூப்பிடப் போனார்கள். சில்லறை உள்ளே விழுந்துகொண்டே இருந்தது.

"அண்ணியா? என்ன அண்ணி, வீட்டுல யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல பவானி. மாமாவுக்கு..."

"அப்பாவுக்கு?"

"சூடு" என்றாள் சுசீலா.

மாமியாரின் அதே சொல் தன் வாயிலிருந்து வந்து விழுந்ததும் அவளுக்கே திக்கென்றது. அவ்வளவு தூரம் நடந்து வந்து, காசைப் போட்டு, இதைத்தான் சொன்னாளா.

பவானி அந்தப் பக்கத்தில் சிரிக்கவில்லை. "சூடுன்னா நீங்க காசு போட்டுக் கூப்பிட மாட்டீங்க. மெதுவாச் சொல்லுங்க."

சுசீலா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். பின்னால் யாரோ வந்து வரிசையில் நிற்கிற செருப்புச் சத்தம் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"வெளிய போறப்ப ரத்தம் போவுது."

செருப்புச் சத்தம் நின்றது.

"எத்தன நாளா அண்ணி?"

"தீபாவளிக்கு முன்னேயிருந்தாம். அப்பவே சூடுன்னு சொன்னாங்களே, அது இதுதான்."

"சொட்டுச் சொட்டா சிவப்பா விழுதா? இல்ல கலந்து வருதா?"

"நான் எங்க பவானி பாக்கறது? கைலில பாத்தேன். பழுப்பா இருக்கு. அவரே துவைக்கறாரு."

"அப்பா துவைக்கறாரா?" பவானியின் குரல் முதன்முதலாக மாறியது. "இளைச்சிருக்காரா?"

"பெல்ட்டுல ஆணியால புது ஓட்ட போட்டிருக்காரு."

பவானி, "நான் சனிக்கிழம வரேன். ஞாயித்துக்கிழம திரும்ப மாட்டேன்" என்றாள்.

"அதுங்களுக்குத் தீனி?"

"வேற ஆளு வப்பாங்க அண்ணி."

அப்போதுதான் சுசீலாவின் தோளில் ஒரு கை விழுந்தது. பெரியநாயகி. ஜொகூரில் இருக்கும் மகனைக் கூப்பிட வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நின்றாள். சாயங்காலத்துக்குள் தாமான் முழுக்கப் பரவிவிடும் என்று சுசீலாவுக்கு முகம் வெளுத்தது.

"போன வச்சிடாதே சுசீலா" என்றாள் பெரியநாயகி தணிந்த குரலில். "எங்க வீட்டுக்காரருக்கும் கேட்டுடு. ஒரு மாசமா கருணக்கிழங்கா தின்னுக்கிட்டு இருக்காரு. கேட்டா மூலங்கறாரு. சிவப்பாத்தான் போவுது. இந்தா, சில்லற நான் போடறேன்."

சனிக்கிழமை காலை பவானி வந்தாள். பையை இறக்கினாள். அங்கமுத்து கைலித் துண்டை எடுத்துக்கொண்டு மோட்டாருக்கு முன்னால் குந்தினார். வழக்கத்துக்கு மாறாகப் பவானியும் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து மோட்டாரின் மறுபக்கத்தில் குந்தினாள். சன்னலில் முனியாயி தயாராக இருந்தாள். கதவுக்குப் பின்னால் சுசீலா.

"இந்த மோட்டாருக்கு ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள் பவானி மோட்டாரைப் பார்த்து.

அங்கமுத்து துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"தோட்டத்துல காலையில பெரட்டுக்கு மணி அடிச்சு எல்லாரும் கூடுவாங்க. மேனேஜரு கணக்கெழுதற கிராணிகிட்ட சொல்வாரு. கிராணி மண்டோர்கிட்ட. மண்டோர் வெட்டுக்காரங்ககிட்ட. இன்னிக்கு மரத்துல பால் வெட்டுன்னா வெட்டுவாங்க. மழ, வேணாம்னா திரும்பிடுவாங்க. ஒடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு தோட்டந்தான். வெளிச்செவுத்துல ஒரு சேதி வந்து தட்டும். ஒருத்தன் வாங்கி அடுத்தவன்கிட்ட குடுப்பான், அவன் அடுத்தவன்கிட்ட. உள்ள போய்ச் சேந்ததும் செல்லு பெருகும். போதும்னா நிக்கும்."

மோட்டார் கேட்டுக்கொண்டிருந்தது.

"குடல்ல சில சமயம் என்னா ஆவுதுன்னா, நடுவுல இருக்கற ஒரு மண்டோர் கெட்டுப் போறான். மேனேஜரு ஒண்ணும் சொல்லல. கிராணி ஒண்ணும் சொல்லல. மழ ஊத்துது. இவன் மட்டும் 'வெட்டு, வெட்டு'ன்னு கத்திக்கிட்டே நிக்கறான். கீழ உள்ளவங்க பாவம், அவங்களுக்கு என்ன தெரியும், பெருகிக்கிட்டே போறாங்க. அதுதான் கட்டி."

முப்பது வருஷம் மண்டோராக இருந்தவருக்கு இது பொறுக்கவில்லை. அங்கமுத்து சங்கிலியைப் பார்த்துச் சொன்னார்.

"தப்புன்னா எல்லாருக்கும் மண்டோர்தான் கெடைப்பான். கிராணிதான் காதுல சொல்லிவிட்டு நல்லவனாட்டம் நின்னானோ என்னவோ. யாரு கண்டா."

"கண்டாச்சு" என்றாள் பவானி மோட்டாரிடம். "அதப் பாக்கவே ஒரு வருஷம் போச்சு. கிராணி வாயே தொறக்கல."

"அப்ப அவன வேலய விட்டு நிறுத்தறது."

"நிறுத்த முடியல. யாராலயும் அவனப் பிடிக்க முடியல. அதனால அவனுக்கு அடுத்தவன் காத அடைச்சா என்ன ஆவுதுன்னு என் போத்தல்ல பாக்கறேன்."

"அடையுதா."

"போத்தல்ல அடையுது. மனுஷனுக்கு வர இன்னும் நாளாவும்."

அங்கமுத்து துண்டைப் பிழிந்தார். "அதுவரைக்கும் மனுஷன் என்னா செய்யறது."

"கட்டி சின்னதா இருக்கறப்பவே வெட்டி எடுத்துடலாம். மொதல்ல உள்ள பாக்கணும். மெல்லிசா ஒரு குழாய். நுனியில லைட்டு இருக்கும்."

"எந்த வழியா விடுவாங்க."

பவானி விரலை நீட்டி மோட்டாரின் புகைக்குழாயை ஒரு தட்டுத் தட்டினாள்.

சன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. அங்கமுத்து புகைக்குழாயை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோட்டார் ஒத்துக்காது" என்றார் கடைசியில்.

"மோட்டார மயக்கிட்டுத்தான் பாப்பாங்க. அதுக்குத் தெரியாது."

"தெரியாட்டி என்ன. ஊருக்குத் தெரியுமே." அவர் துண்டை வாளியில் போட்டார். "ஆமா, இதெல்லாம் கோலாலம்பூருக்கு எப்படிப் போச்சு. யாரு சொன்னது."

கதவுக்குப் பின்னால் சுசீலா அதைக் கேட்டாள். உள்ளே ஓடிப் போய்விடலாம். பவானி காட்டிக்கொடுக்க மாட்டாள். ஆனால் இப்போது மாமனார் எழுந்து போய்விட்டால் சேதி மறுபடி பாதியில் நின்றுவிடும். அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மோட்டாரின் பின்விளக்கைப் பார்த்துப் பேசினாள்.

"நான்தான் சொன்னேன். அன்னிக்கு வெள்ளிக்கிழம நான் உள்ளதான் இருந்தேன்."

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் குரலை மாமனார் அவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. அவர் தலையைத் தூக்கவில்லை. முன்சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள இருந்தது தெரியும்" என்றார். "மீன் செதில் உரிக்கற சத்தம் கேட்டுச்சு. சன்னல்காரி கோயிலுக்குப் போற நாளாப் பாத்துத்தான் சொன்னது."

சாத்தியிருந்த சன்னல் மெல்லத் திறந்தது. முனியாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்ப அந்தக் கெட்டுப்போன மண்டோர் நானா?" என்று கேட்டாள்.

பவானி எழுந்து போய்ச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா. அவன் சொல்லாதத கத்தறவன். நீ சொன்னத முழுங்கினவ. அது வேற வகை. அப்படியும் ஒண்ணு செல்லுக்குள்ள இருக்கு. அத எங்க லேப்ல புவனேஷ்னு இன்னொரு ஆளு பாக்கறாரு."

முனியாயி இதில் கோபப்படுவதா ஆறுதல் அடைவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் குழாய் விடறதுக்கு முன்னால ஏதாச்சும் சாப்பிட்டுட்டுப் போலாமா, இல்ல வெறும் வயிறா?" என்று கேட்டாள். அதுதான் அவள் ஒப்புக்கொண்டதற்கு அடையாளம்.

மெர்லிமாவ் கிளினிக்கில் காட்டி, மலாக்கா ஆஸ்பத்திரிக்கு நாள் வாங்கினார்கள். அங்கமுத்து ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், அதுவும் மோட்டார் மூலமாக: எதிர்வீட்டுத் தங்கையாவும் கூட வர வேண்டும். பெரியநாயகியின் கணவர் தங்கையா தோட்டத்தில் அவருக்குக் கீழே பால் வெட்டியவர். அவமானப்படுவதென்றால் தனியாகப் படுவானேன்.

முந்தின நாள் இரண்டு பேருக்கும் வயிற்றைக் கழுவ மருந்துத் தண்ணீர் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். அன்று அந்தத் தெருவில் இரண்டு கழிவறைக் கதவுகளும் அடித்துக்கொண்டதைப்போலப் பின்னால் எந்தப் புயலிலும் அடித்துக்கொண்டதில்லை. இடையில் கிடைத்த நேரத்தில் இரண்டு பேரும் தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, மரவரிசையை நெரை என்கிற தோட்டத்துப் பாஷையில் பேசிக்கொண்டார்கள்.

"என்னா தங்கையா, நெரை பிடிச்சாச்சா?"

"இன்னிக்கு நெரை முடியாது மண்டோரே. மழை நிக்கல."

தங்கையாவுக்கு மூலம்தான். அவர் அன்றே வீட்டுக்கு வந்து, தனக்கு மூலம்தான் என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி மருந்து கிடைத்ததால் கருணைக்கிழங்கை விட்டுவிட்டார். அங்கமுத்துவுக்குக் குடலின் இடதுபக்கத்தில் கட்டி இருந்தது. புற்றுநோய்தான். அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த இரண்டு வாரமும் வீட்டில் யாரும் எதையும் துடைக்கவில்லை. முனியாயி எதற்கும் சூடு என்று சொல்லவில்லை. பவானி மட்டும் வாசல் படியில் உட்கார்ந்து மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். படித்ததெல்லாம் தெரிந்தும் அவளுக்கும் மற்றவர்களைப்போலவே கை சில்லிட்டிருந்ததைச் சுசீலா தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுக்கும்போது கண்டாள்.

அறுவை சிகிச்சை நடந்தது. கட்டியோடு குடலில் ஒரு சாண் வெட்டி எடுத்து, மிச்சத்தை இணைத்துத் தைத்தார்கள். பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவவில்லை என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

நாலைந்து நாள் கழித்து எல்லாரும் வார்டில் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அங்கமுத்துவுக்கு ஒரு கஷ்டம் இருந்தது சுசீலாவுக்குப் புரிந்தது. பேச வேண்டும், ஆனால் அங்கே மோட்டார் இல்லை. அவர் அங்குமிங்கும் பார்த்தார். பிறகு குளுக்கோஸ் போத்தல் மாட்டியிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டி எடுத்தத என்னா பண்ணுவாங்க" என்று கம்பியைக் கேட்டார்.

"சோதனைக்குப் போவும். அப்புறம் அவங்களே வச்சுக்குவாங்க" என்றாள் பவானி கம்பியிடம்.

"போத்தல்ல போட்டு வளக்க வேணாமா."

"என் போத்தல்ல இருக்கறது வேற ஒருத்தரோடது. பல வருஷமா வளருது. அவரு யாருன்னே எனக்குத் தெரியாது."

அங்கமுத்து இதை யோசித்தார். அவர் முகம் விழுந்தது.

"எவனோ ஒருத்தனோடதுக்கு ஞாயித்துக்கிழம பஸ் ஏறிப் போய் சோறு போடறா. பெத்தவனோடத ஒரு வா தண்ணி குடுத்து வச்சுக்க மனசு வரல."

முனியாயி பழக்கதோஷத்தில் சுசீலா பக்கம் திரும்பி, "அப்பா கோவமா இருக்காருன்னு பவானிகிட்ட சொல்லு" என்றாள்.

"கேட்டுச்சும்மா" என்றாள் பவானி.

சுசீலா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கமுத்து வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பிள்ளய வெளிய கூட்டிக்கிட்டுப் போங்க, எனக்குப் பிரிஞ்சிடும்" என்று கம்பியிடம் முறையிட்டார். அவருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டிருந்தது.

இப்போது தொண்ணூற்றொன்பது. பவானேஸ்வரி முனைவர் பட்டம் வாங்கி அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நடுவில் நின்று கத்தும் மண்டோரை இன்னும் பிடிக்கவில்லை. அவனுக்கு அடுத்தவனோடுதான் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். தாமானில் முட்டிவலிக்காரர்கள் குறைந்து, வெட்கத்தை விட்டு வயிற்றைப் பற்றிக் கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் பெரியநாயகியிடம் சொல்ல, அவள் சுசீலாவிடம் சொல்வாள். டெலிபோன் பூட்டின் சாவி சுசீலாவிடம் இருக்கிறது. அங்கமுத்து சொன்ன தேதிக்குச் சோதனைக்குப் போய் வருகிறார். கட்டி திரும்பி வரவில்லை. மோட்டாரின் இஞ்சின் போய்விட்டது, சாலை வரியும் கட்டுவதில்லை. வாங்கிக்கொள்ள ஆள் வந்தும் அவர் விற்கவில்லை. அது அஞ்சடியிலேயே நிற்கிறது. மகளிடம் அவர் இன்னும் நேராகப் பேசுவதில்லை.